போலியும் பொருளும்

முகவுரை

இலக்கண நூலார் 'போலி' என்னும் சொல்லை இழிவாக வழங்கினாரல்லர். ஓரெழுத்து நிற்கவேண்டிய இடத்தில் மற்றோரெழுத்து வந்து நின்று, அதனால் பொருள் சிறிதும் வேறுபடாதிருக்குமாயின் அதனைப் போலி என்றனர். பந்தல் என்பது பந்தர் என்று நின்றாலும் நிழல் குறைவதில்லை. நிலம் என்பது நிலன் என்று நின்றாலும் விளைவு குன்றுவதில்லை. உலக வழக்கிலோ போலி என்றவுடன் ஏமாற்று என்னும் எண்ணமே எழுகின்றது. இவ்விரண்டனுள் எப்பொருள் எவ்விடத்திற் பொருந்தும் என்பதை, இவ்வாண்டு நம் தமிழ் மன்ற நாடகத்திற்காக ஒரு கோல் செய்யப் புகுந்தபோது நாம் ஒருவாறு கற்றறிந்தோம். அங்ஙனம் கற்றதை நம் கல்லூரி அன்பர்களுக்கு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கோல் வந்த வகை

மன்றத்தார் ஆண்டுவிழாவிற்கென எடுத்தது ஒரு நகைச்சுவை நாடகம். காலத்தை முன்னும் பின்னும் தள்ளவல்ல மாயாவி ஒருவன் அதில் வருகின்றான். சிறுவர்களுக்கென ஒளிபரப்பான ஒரு தொலைக்காட்சித் தொடரில் மந்திரவாதி ஏந்திவரும் கோலை நம்மவர் பலரும் இளமையிற் கண்டு களித்தவராதலின், நம் மாயாவியின் கையிலும் அக்கோலையொத்த ஒன்றே இருத்தல் வேண்டுமென்று தீர்மானமாயிற்று. அதனைச் செய்து தரும் பொறுப்பு நம் வகுப்பினர் நால்வர்மேல் வந்து விழுந்தது.

தொடரின் காட்சிகளை மீண்டும் மீண்டும் நிறுத்திப் பார்த்தோம். கோலின் தலையில் பித்தளை உருளையொன்று குறுக்காகக் கிடந்தது. அதன் முன்வாயிலிருந்து நட்சத்திர வடிவில் ஒளி பாய்ந்தது. பின்வாயை அரைக்கோள வடிவமான மூடியொன்று அடைத்திருந்தது. உருளையைத் தாங்கி நின்றது, தாமரை மொட்டுத் தொங்கும் மரச்செதுக்கு ஒன்று. அதன்கீழ்க் கடைசல் பிடித்த கழி. கழியின் அடியில் இருப்பு வளையம். இவ்வளவே கோல்.

இவற்றுக்கு நாம் அன்று இட்ட பெயர்களை இன்று நினைப்பினும் நாணம் உண்டாகின்றது. உருளையை 'ஒளிக்கருவி' என்றோம்; நட்சத்திர வாயை 'இயந்திரப் பற்சக்கரம்' என்றோம்; அரைக்கோளத்தை 'விண்கலத்தின் உறுப்பு' என்றே ஒருவர் குறித்துவைத்தார். பிறகு இரண்டு வாரம் மோட்டார் உதிரிச்சாமான் கடைகளிலெல்லாம் ஏறி இறங்கினோம். கடைக்காரர் படத்தைப் பார்த்தார்; நம் முகத்தைப் பார்த்தார்; இல்லையென்று தலையசைத்தார். தேடிய பொருள் உலகில் இல்லாமற் போனதன்று குறை. தேடிய இடமே தவறு என்பது அப்போது நமக்குத் தோன்றவில்லை.

அரங்கப் பொருளின் இயல்பு

திரைத்துறையார் 'பிராப்பர்ட்டி' என்று வழங்கும் அரங்கப் பொருள்கள், கதையில் எத்துணை வியப்புக்குரியனவாயினும், பெரும்பாலும் வீட்டிலும் கடையிலும் கிடக்கும் எளிய பொருள்களாலேயே ஆக்கப்படுகின்றன. காலமும் பணமும் குறைவாக இருத்தலே இதற்குக் காரணம். மேனாட்டு வரலாற்றினின்று மூன்று சான்றுகள் காட்டுவோம்.

இங்கிலாந்தில் பி.பி.சி. நிறுவனத்தார் 1963 நவம்பர் 23 ஆம் நாள் தொடங்கிய 'டாக்டர் ஹூ' என்னும் தொடரில், அவ்வாண்டு டிசம்பர் மாதத்தில் 'டாலெக்' என்னும் கொடிய உயிர்கள் தோன்றின. அவற்றின் வடிவத்தை வகுத்தவர் ரேமண்ட் கியூசிக் என்பவர். உலகையே நடுங்கச் செய்வதாகக் கதை கூறும் அந்த டாலெக்கின் கை, அடைபட்ட கழுவுதொட்டியின் குழாயில் அழுத்தி நீரை வெளியேற்றும் ரப்பர்க் கிண்ணமே. ஆங்கிலேயர் இல்லங்களில் அதனை அறியாதார் இலர். ஆதலால் அவர்கள் பார்த்தவுடன் அறிந்து நகைத்தனர். 1973 ஆம் ஆண்டில், தொடரின் பத்தாமாண்டு நிறைவையொட்டி 'ரேடியோ டைம்ஸ்' வெளியிட்ட சிறப்பு மலரில், டாலெக் ஒன்றை வீட்டிலேயே செய்துகொள்வதற்குரிய வரைபடங்களும் இடம்பெற்றன.

1965 இல் வெளிவந்த 'தண்டர்பேர்ட்ஸ்' என்னும் பொம்மலாட்டத் தொடரில், பறக்கும் கலம் புறப்படும் கூடத்தின் சுவரிற் பெரிய இயந்திர உறுப்பாகத் தோன்றுவது, எலுமிச்சம்பழம் பிழியும் பிளாஸ்டிக் பிழிகருவி. சுவரோடு ஒட்டி, வண்ணம் பூசியவுடன் பழச்சாற்றின் நினைவு அகன்று, பொறியின் தோற்றம் வந்துவிட்டது.

மூன்றாஞ் சான்று இவ்விரண்டினும் நுட்பமானது. அமெரிக்காவில் 1966 செப்டம்பர் 8 ஆம் நாள் ஒளிபரப்பான 'ஸ்டார் டிரெக்' தொடரின் முதற்கதையில், உப்பை விரும்பியுண்ணும் விலங்கொன்று வருகின்றது. வருங்காலத்து உப்புக்குப்பி புதுமையாக இருத்தல் வேண்டுமெனக் கருதி, விந்தையான வடிவமுடைய குப்பிகளைத் தேடி வாங்கினர். வாங்கிய பின்னரோ, இவற்றை உப்புக்குப்பி என்று காண்போர் அறியமாட்டாரே என்னும் ஐயம் எழுந்தது. ஆகவே உப்பு வைப்பதற்குச் சாதாரணக் குப்பியையே காட்டினர். விந்தைக் குப்பிகள் மருத்துவரின் அறுவைக் கருவிகளாக மாறின. ஒரு பொருள் தன் பெயரை இழந்தால் வேறு பெயரை எளிதில் ஏற்கும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

இம்மூன்றானும் பெறப்படும் முடிபு யாது? அரங்கப் பொருளைக் காணும்போது அது கதையில் யாதாக நடிக்கின்றது என்று நோக்குதல் கூடாது; நடிக்க வருமுன் அது யாதாக இருந்தது என்றே நோக்குதல் வேண்டும். நாம் செய்த முதற்பிழை இதுவே. கோல் மந்திரக்கோலாகையால் அதன் உறுப்புக்களும் மந்திர உறுப்புக்களாகவே இருக்குமென்று மயங்கினோம்.

ஆச்சியின் தீர்ப்பு

நால்வருள் ஒருவர் காரைக்குடியினர். பொங்கல் விடுமுறைக்கு அவர் இல்லத்திற்கு நம்மை அழைத்துச் சென்றார். காரைக்குடிக்கும் படப்பிடிப்புக்கும் உள்ள தொடர்பு பழமையானது. ஏவி. மெய்யப்பச் செட்டியார் தம் ஏவி.எம். நிறுவனத்தைச் சென்னை வடபழனியில் நிலைபெறச் செய்யுமுன், காரைக்குடியிலேயே கொட்டகைகள் அமைத்துப் படம் எடுத்தார். 1947 இல் வெளிவந்த 'நாம் இருவர்', 1948 இல் வெளிவந்த 'வேதாள உலகம்' ஆகியவை அவ்வாறு உருவானவை. செட்டிநாட்டின் பெருவீடுகள் இன்றும் திரைப்படங்களுக்கும் தொடர்களுக்கும் களமாக விளங்குகின்றன. ஆகையால் நம் கோலைப்பற்றிய செய்தியேதும் அவ்வூரிற் கிடைக்கலாமென்று நம்பிச் சென்றோம். கிடைத்தது, ஆயின் நாம் எதிர்பார்த்தவரிடத்தன்று.

இரண்டாங் கட்டில் அமர்ந்து படங்களைப் பரப்பி ஆராய்ந்துகொண்டிருந்தபோது, நண்பரின் ஆச்சி அவ்வழியே வந்தார். மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு படத்தைக் குனிந்து நோக்கினார்.

"என்ன தம்பி, முறுக்கு உழக்கைப் போய்க் கம்புல கட்டி வச்சிருக்காக?" என்றார்.

நாம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். "ஆச்சி, இது முறுக்கு உழக்கு என்று எப்படிச் சொல்கிறீர்கள்?" என்று வினவினோம்.

"இது தெரியலையா? முன்னால இருக்கிறது முள்ளு முறுக்கு அச்சு. ரெண்டு பக்கமும் காது அறுத்திருக்கிற தழும்பு தெரியுது பாருங்க" என்று கூறி, அடுக்களையினின்று பித்தளை உழக்கொன்றை எடுத்துவந்து நம்முன் வைத்தார்.

நட்சத்திரத் துளை அங்கே இருந்தது. இரண்டு வாரம் மோட்டார் கடைகளிலே தேடிய 'பற்சக்கரம்', நம் ஒவ்வொருவர் வீட்டு அடுக்களையிலும் தீபாவளிதோறும் நம் கண்ணெதிரே மாவு பிழிந்த கருவியே. முறுக்கைத் தின்றறிந்தோமேயன்றி அதனைப் பிழிந்தறிந்தோமல்லோம். அடுக்களை வேலை பெண்டிர்க்கேயுரியதென்று விலகிநின்ற ஆண்மக்களின் கல்வி எத்துணைக் குறையுடையது என்பதை அன்று உணர்ந்தோம். ஆங்கிலேயன் ஒருவன் இவ்வுழக்கை அறியாதிருந்தால் குற்றமில்லை. கழுவுதொட்டியின் ரப்பர்க் கிண்ணத்தை நம் ஆச்சி அறியாதிருந்தாலும் குற்றமில்லை. தன் வீட்டுப் பொருளைத் தான் அறியாதிருத்தலே குற்றம்.

ஒன்று விளங்கவே ஏனையவும் விளங்கின. பின்வாயை அடைத்த அரைக்கோளம் சைக்கிள் மணியின் மூடி. நண்பர் இல்லத்துப் பணியாளர் அதனைத் தம் வண்டியிலே காட்டினார். அடியிலுள்ள இருப்பு வளையம் உலக்கைப் பூண். இதனையும் ஆச்சியே சொன்னார். கடைசற் கழி, மாடிப்படிக் கைப்பிடியைத் தாங்கும் மரங்கள் இரண்டினை ஒன்றன்மேல் ஒன்றாக இணைத்தது. இதனை உரைத்தவர் அண்டையிலிருந்த தச்சர். மொட்டுத் தொங்கும் செதுக்கு, சன்னலின் மேற்சட்டத்தைத் தாங்கும் சிறு போதிகை என்பதும் அவர் கூறியதே. ஐந்து உறுப்புக்களையும் அறிந்து சொன்னோருள் நூல் கற்றவர் ஒருவருமிலர். கையாற் பழகியவரே அனைவரும்.

அளவறியும் முறை

உறுப்பின் பெயர் தெரிந்தால் போதாது. அளவும் தெரிதல் வேண்டும். திரையிற் காணும் படத்தில் அளவுகோல் வைக்கப்படுவதில்லை. ஆனால் அறிந்த உறுப்பு ஒன்று இருக்குமாயின் அதுவே அளவுகோலாகும். இதனைக் கணக்கோடு விளக்குவோம். பின்வரும் மாணவர்க்குப் பயன்படக்கூடும்.

மந்திரவாதி கோலை நேராக நிறுத்தி, அதன் தலையிலுள்ள உருளை பக்கவாட்டிலே தோன்றுமாறு நிற்கும் காட்சியொன்றைத் தேர்ந்தெடுத்து அச்சிட்டோம். கோல் நம்மை நோக்கிச் சாய்ந்திருந்தால் அருகிலுள்ள பகுதி பெரிதாகவும் சேய்மையிலுள்ளது சிறிதாகவும் தோன்றுமாதலின், சாயாத காட்சியையே கொள்ளுதல் வேண்டும். அப்படத்தில் கோலின் நீளம் 198 மில்லிமீட்டர். உழக்கின் வாய் 7.5 மில்லிமீட்டர், மணி மூடி 9 மில்லிமீட்டர்.

கடைத்தெருவில் நாம் கண்ட உழக்குக்களில் ஒருவகையின் வாய் 7 சென்டிமீட்டர் அகலமிருந்தது. படத்தில் உழக்கின் வாயைப்போல் 26.4 மடங்கு கோலின் நீளமாதலால், கோலின் உண்மை நீளம் ஏறக்குறைய 185 சென்டிமீட்டர் என்று கணக்கிட்டு மகிழ்ந்தோம். ஆனால் தொடரிலே அக்கோல் மந்திரவாதியின் மார்பளவே வருகின்றது. 185 சென்டிமீட்டர்க் கோல் ஒருவனுக்கு மார்பளவாயின் அவன் பனைமரத்தோடு தோள் உரசுபவனாக இருத்தல் வேண்டுமே! கணக்கு பொய்க்காது; கொண்ட அளவே பொய்த்தது.

இவ்விடத்தில் நம் ஆசிரியர் ஒருவர் வகுப்பிற் கூறியது நினைவுக்கு வந்தது. 1887 இல் சீவக சிந்தாமணியை அச்சிட்ட உ. வே. சாமிநாதையர், ஓர் ஏட்டை மட்டும் நம்பினாரல்லர். பல ஏடுகளைத் தேடித் தொகுத்து ஒப்புநோக்கியே பாடத்தைத் துணிந்தார். ஒரு சாட்சி பொய்க்கலாம். ஒன்றையொன்று அறியாத இரண்டு சாட்சிகள் ஒருமிக்கப் பொய்த்தல் அரிது. ஆகவே இரண்டாஞ் சாட்சியாக மணி மூடியைக் கொண்டோம். நாம் அளந்த மூடியின் அகலம் 6 சென்டிமீட்டர். படத்தில் கோலின் நீளம் மூடியைப்போல் 22 மடங்கு. எனவே கோலின் நீளம் 132 சென்டிமீட்டர். இதன்படி உழக்கின் வாய் 5 சென்டிமீட்டர் இருத்தல் வேண்டும். மீண்டும் கடைத்தெருவிற்குச் சென்று கேட்டபோது, 5 சென்டிமீட்டர் வாயுடைய சிறு உழக்கு மேற்றட்டிலேயே இருந்தது. மார்பளவும் சரியாயிற்று.

நாம் கண்ட முறையைத் தொகுத்துக் கூறின் பின்வருமாறு அமையும். முதலாவது, ஒரு காட்சியோடு அமையாது, வெவ்வேறு ஒளியிலும் வெவ்வேறு பக்கத்திலும் தோன்றும் காட்சிகளைத் திரட்டுக. இரண்டாவது, கதை தரும் பெயரை மறந்து, வடிவம், உலோகம் அல்லது மரம், இணைப்பு, தழும்பு ஆகியவற்றை மட்டும் எழுதுக. காது அறுத்த தழும்பே உழக்கைக் காட்டிக்கொடுத்தது. மூன்றாவது, சமைப்பவர், தச்சர், கன்னார், வண்டி பழுதுபார்ப்பவர் ஆகியோரிடம் காட்டுக. இது யாதாகலாம் என்று நாமே சொல்லிக்கொடுத்துக் கேட்டல் கூடாது. நான்காவது, அறிந்த உறுப்பால் அளவைக் காண்க. மற்றோருறுப்பால் அதனைச் சோதிக்க. ஐந்தாவது, ஒவ்வோருறுப்பின் எதிரிலும் 'துணிவு', 'ஊகம்', 'ஐயம்' என்பவற்றுள் ஒன்றை மறவாது எழுதுக. ஊகத்தைத் துணிவென்று எழுதுபவன் தன்னை மட்டுமன்றித் தனக்குப் பின் வருவோரையும் வழிதவறச் செய்கின்றான்.

போதிகையின் முன்

உழக்கு, மணி மூடி, பூண் மூன்றும் புதியனவாகவே கடையிற் கிடைத்தன. கழியைத் தச்சர் கடைந்து தர இசைந்தார். எஞ்சியது போதிகை. அத்தகைய செதுக்கு வேலையுடையது புதிதாகக் கிடைப்பதரிது. பழையதே வேண்டுமாயின் காரைக்குடி முனீசுவரன் கோயில் தெருவிற்குச் செல்லுமாறு பலரும் வழிகாட்டினர்.

அத்தெருவின் பழம்பொருட் கடைகளைக் காணாதார்க்குச் சிறிது கூறுவோம். அங்கே செட்டிநாட்டு வீடுகளே பகுதி பகுதியாக நிற்கின்றன. நிலைக்கதவுகள் சுவரிற் சாய்ந்திருக்கின்றன. தேக்குத் தூண்கள் அடுக்கப்பட்டுள்ளன. எனாமல் பாத்திரங்களும், பெயர் வெட்டிய வெண்கலப் பானைகளும், நிலைக்கண்ணாடிகளும், ஊஞ்சற் சங்கிலிகளும் செறிந்து கிடக்கின்றன. பர்மாவிலும் இலங்கையிலும் மலேயாவிலும் வணிகம் செய்த நகரத்தார், பர்மாத் தேக்கையும் இத்தாலியச் சலவைக்கல்லையும் கொணர்ந்து, பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி தொடங்கி ஏறக்குறைய நூறாண்டுகளில் எழுப்பிய வீடுகள் அவை. 1942 இல் ஜப்பானியர் பர்மாவிற் புகுந்தபோதும், அதன்பின் அந்நாட்டில் நிலங்களும் தொழில்களும் அரசுடைமையானபோதும் அவர்தம் செல்வத்திற் பெரும்பகுதி போயிற்று. ஒரு வீட்டிற்கு உரிமையாளர் பலராயினர். ஓடு மாற்றவும் சுண்ணாம்பு பூசவும் ஆகும் செலவு பெருகிற்று. சில வீடுகள் பிரிக்கப்பட்டன. செட்டிநாட்டு ஊர்த்தொகுதி 2014 ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலிற் சேர்க்கப்பட்டது. அச்சிறப்பினால் மட்டும் வீட்டின் கூரை ஒழுகாமல் நின்றுவிடுமோ?

ஒரு கடையில் நாம் தேடிய போதிகை இருந்தது. மொட்டின் இதழ்வரிசையும் அவ்வாறே. விலை நம் மன்றத்தின் பணத்திற்குள் அடங்கிற்று. ஆயின் உழக்கைப் பொருத்துவதற்கு அதன் மேற்பகுதியை இரண்டு விரற்கடை அறுக்க வேண்டும். கல்லூரித் தச்சுக்கூடத்தில் அறுத்துக்கொள்ளலாமென்று நாம் பேசிக்கொண்டிருந்தபோது, காரைக்குடி நண்பர் அப்போதிகையைப் புரட்டிப் பார்த்தார். அதன் பின்புறத்தில் நீலச் சுண்ணத்தால் 'இடம் 7' என்று எழுதியிருந்தது.

நண்பர் நெடுநேரம் பேசவில்லை. பின்னர்க் கூறியது இது: "எங்கள் பழைய வீட்டைப் பிரித்தபோதும் இப்படித்தான் எண் போட்டார்கள். வேறிடத்தில் திரும்பப் பொருத்துவதாகச் சொன்னார்கள். பிறகு தனித்தனியாகப் போய்விட்டது. இது எங்கள் வீட்டதன்று. ஆனாலும் எட்டாவதும் ஆறாவதும் எங்கோ இருக்கும். இதை அறுக்க வேண்டாம்."

எண் இடுதல் மீண்டும் சேர்ப்பதற்கன்றோ? அவ்வெண்ணை எழுதிய கை, அப்போதிகை தன் வரிசையில் மறுபடி நிற்கும் என்று நம்பிய கை. பத்து நிமிட நகைச்சுவைக் காட்சிக்காக அதனை அறுத்துவிட்டால், அது எக்காலத்தும் எச்சன்னலுக்கும் திரும்ப இயலாது. நம்முள் ஒருவர், "நாம் வாங்காவிடினும் வேறொருவர் வாங்கி அறுப்பாரே" என்றார். அதற்கு நம்மிடம் விடையில்லை. பிறர் செய்வார் என்பது நாம் செய்வதற்குப் போதிய காரணமாகாது என்பது மட்டும் நெஞ்சிற் பட்டது.

இத்தகைய நிலை நமக்கு மட்டும் உண்டாயிற்றன்று. தொலைக்காட்சித் தொடரன்றித் திரைப்படமாயினும் ஈண்டுக் கூறத்தக்கது, 1977 இல் வெளிவந்த 'ஸ்டார் வார்ஸ்'. அதில் இளவீரன் ஏந்தும் ஒளிவாளின் பிடியை அமைத்தவர் அரங்க அலங்காரம் செய்த ரோஜர் கிறிஸ்டியன். பத்திரிகைப் புகைப்படக்காரர் முற்காலத்திற் கையாண்ட 'கிராஃப்ளெக்ஸ்' காமிராவின் மின்வெட்டு விளக்குப் பிடியையே அவர் லண்டன் கடையொன்றிற் கண்டெடுத்து வாளாக்கினார். பின்னர் அன்பர்கள் அவ்வுறுப்பு இன்னதென்று அறிந்து உலகிற்கு அறிவித்தனர். அறிவித்ததன் பயன் யாது? பழைய பிடிகளைத் தேடி வாங்கி வாளாக மாற்றுவோர் பெருகினர், விலை ஏறிற்று, பழங்காமிராக்களைப் பேணுவோர்க்குப் பிடி கிடைத்தல் அரிதாயிற்று. பிற்காலத்தில் அப்பிடியை அளந்து புதிதாகவே வார்த்துச் செய்யத் தொடங்கியபின், அசலை அழிக்காமலே வாள் செய்ய வழி பிறந்தது. உறுப்பை அறிதல் ஓர் ஆற்றல். அது பொருளைக் காக்கவும் வல்லது, அழிக்கவும் வல்லது என்பது இதனால் விளங்கும்.

ஆகவே கடைக்காரரிடம் உண்மையைக் கூறி, போதிகையை அளந்துகொள்ள இசைவு வேண்டினோம். அவர் நகைத்துவிட்டு, நாற்காலி போட்டு அமரச் செய்தார், தேநீரும் வருவித்தார். காகிதத்தை அதன்மேல் விரித்துப் பென்சிலால் மெல்லத் தேய்த்து இதழ்வரிசையைப் பதிவு செய்தோம், நூலாலும் காலிப்பராலும் வளைவுகளை அளந்தோம், நாற்புறமும் படமெடுத்தோம். கல்லூரிக்கு மீண்டபின் களிமண்ணால் உருச்செய்து, அதன்மேற் காகிதக் கூழைப் படிப்படியாக ஒட்டி உலர்த்தி, உள்ளிருந்த மண்ணை அகற்றித் தேக்கு வண்ணம் தீட்டினோம். ஒத்திகையில் ஒருமுறை மொட்டு வெடித்தது. உட்புறம் துணிப்பட்டை ஒட்டிச் செப்பனிட்டோம். உழக்கையும் துளையிட்டோமல்லோம், காதை அறுத்தோமுமல்லோம். காதுகளைக் கறுப்புத் துணியால் மறைத்து, உழக்கினுள்ளே சிறு விளக்கை வைத்து அச்சைத் திருகி மூடினோம். நாடகத்தன்று நட்சத்திர ஒளி பாய்ந்தபோது முன்வரிசையிலிருந்த சிறுவர் ஆரவாரித்தனர். போதிகை காகிதமென்று ஒருவரும் அறிந்திலர்.

முடிவுரை

தமிழ் மாணவராகிய நமக்கு இதனின்றும் ஒரு சிந்தனை எழுகின்றது. வளையாபதி முழுநூலாக நமக்குக் கிடைத்திலது. உரையாசிரியர்களும் தொகுத்தோரும் எடுத்தாண்ட செய்யுட்களினாலேயே அப்பெயருடைய காப்பியம் ஒன்றிருந்தமையை அறிகின்றோம். இன்ன செய்யுள் இன்ன நூலது என்று ஒருவர் குறித்துவைத்தமையால் அது பிழைத்தது. குறியாது விட்டிருந்தால் அச்செய்யுள் இருந்தும், நூல் இறந்தே போயிருக்கும். பழம்பொருட் கடையிலுள்ள போதிகையும் அத்தகையதே. வீடு போயிற்று, எஞ்சியது ஓர் உறுப்பு. அதன் பின்புறத்துச் சுண்ண எழுத்தே அதற்கும் அதன் வீட்டிற்கும் உள்ள கடைசித் தொடர்பு. அரங்கப் பொருளாக அதனை அறுத்து வண்ணம் பூசும்போது அவ்வெழுத்தும் மறைகின்றது. போதிகை என்னும் பெயரும் மறைகின்றது. மந்திரக்கோல் என்னும் பொய்ப்பெயர் மட்டும் நிற்கின்றது.

ஆதலின் போலி செய்தல் இழிவன்று. பொருளைக் கெடுக்காமல், அதன் அளவையும் வடிவையும் பெயரையும் அறிந்து, அதன் இடத்தில் வேறொன்றை நிறுத்துவது இலக்கணத்தார் கூறிய போலி, அது தகும். ஒரு பொருளை அதன் இடத்தினின்று பெயர்த்து, அறுத்து, பெயர் மாற்றி நிறுத்துவதே உலகத்தார் பழிக்கும் போலி, அது தகாது. முன்னதில் அசலும் உண்டு, போலியும் உண்டு. பின்னதில் இரண்டும் இல்லையாகின்றன.

நாடகம் முடிந்தபின் கோலைப் பிரித்துவிட்டோம். ஆச்சி கட்டளையிட்டபடி உழக்கைப் புளியிட்டுத் துலக்கி விடுதி அடுக்களையில் ஒப்படைத்தோம். அங்கே நால்வரும் ஒருநாள் மாவு பிசைந்து பிழியக் கற்றோம். முதல் ஈடு உதிர்ந்துபோயிற்று. இரண்டாவது ஈடு உண்ணத்தக்கதாயிருந்தது. போதிகையின் தேய்ப்புப் படியும் அளவுக் குறிப்பும் 'சன்னற் போதிகை, இடம் 7, காரைக்குடி' என்னும் தலைப்போடு நம் துறை நூலகத்தில் வைக்கப்பட்டுள்ளன. எட்டாவது போதிகையை எவரேனும் எங்கேனும் காண்பாராயின் ஒப்புநோக்குதற்கு அவை உதவும்.

நம் கல்லூரியினின்று பயின்று சென்று பல ஊர்களில் வாழும் பழைய மாணவர்களையும், உடன் பயிலும் நண்பர்களையும் ஒன்று வேண்டுகின்றோம். உங்கள் இல்லத்துப் பரணிலும் அடுக்களையிலும் பெயர் தெரியாத பொருள் ஏதேனும் கிடந்தால், விற்பதற்கும் எறிவதற்கும் முன்னர் வீட்டிலுள்ள மூத்தோரிடம் அதன் பெயரையும் பயனையும் கேட்டு ஒரு சீட்டில் எழுதி அதனோடு கட்டிவையுங்கள். பொருள் பின்னும் பல கை மாறக்கூடும். பெயர் அதனோடு செல்லட்டும்.